மூன்றாம் முறை தொட்டியில் விழுகிறவன்

இது மூன்றாவது முகம்.
முதல் படத்தில் தாடை அகன்ற ஒருவன்,
அடுத்ததில் எதற்கும் கிண்டலாகச் சிரிக்கிறவன்,
இப்போது மீசை அரும்பியும் அரும்பாத பையன்.
வல்லூறு மட்டும் அதே வல்லூறு.
அதே தொழிற்சாலை, அதே இரவுப் பணி,
அதே பச்சைத் தொட்டி.

லாரன்ஸ் ரோடு பக்கம் இரண்டாம் ஆட்டம்.
இடப்பக்கம் நஸீமா, வலப்பக்கம் ஞானசௌந்தரி.
பி ஷிப்ட் முடித்து
குடிகாட்டிலிருந்து நேராக வந்ததில்
டைட்டில் போய்விட்டது. பரவாயில்லை,
தெரிந்த கதைதான்.
எங்கள் துப்பட்டாவில் கரைப்பான் வாடை.
முன்சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார்.

அவன் தடுக்கியபோது
நான் கைப்பிடிக் கம்பியைத் தேடினேன்.
இல்லை.
இரண்டு மாடி உயர மேடைக்குக் கம்பி வைக்காதவனுக்கு
யார் லைசென்ஸ் கொடுத்தது?
"ஆய்வுக்கு வர்றப்ப மாட்டுவாங்க,
போனதும் கழட்டிடுவாங்க" என்றாள் நஸீமா,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விழுந்தவன் எழுகிறான். உடம்பு ஒளிர்கிறது.
தியேட்டர் முழுக்க விசில்.
எங்கள் வரிசையில் மூன்று பேர் சும்மா இருந்தோம்.
எங்கள் யூனிட்டில் பழனியாண்டி அண்ணன்,
வலக்கை முழங்கை வரைக்கும்தான்,
ஒளிரவில்லை.
இப்போது கேட்டில் வருகைப்பதிவு எழுதுகிறார்,
இடக்கையால்.
எழுத்து முன்னைவிட அழகாகிவிட்டது என்று
அவரே சொல்லிச் சிரிப்பார்.

குறை சொல்ல வேண்டுமானால் நிறைய இருக்கிறது.
அண்ணன் சாகும்போது மூன்றாம் முறையும் மழை.
முதல் தடவை அழுதேன்,
இந்தத் தடவை குடை எங்கே என்று பார்த்தேன்.
வில்லனுக்கு உலகத்தை அழிக்கக் காரணமே இல்லை,
பணமாவது கேட்டிருக்கலாம்.
உதடு மூடிய பிறகும் வசனம் நடந்துகொண்டிருக்கிறது.
கடைசி அரைமணி நேரம்
கட்டிடம் கட்டிடமாக விழுகிறது;
யார் கூட்டி அள்ளினார்கள் என்று காட்டவில்லை.
தானே புயலுக்கு அப்புறம்
எங்கள் தெருவுக்கு மட்டும் பதினோரு நாள் ஆயிற்று,
அதுவும் நாங்களே கூட்டி.

ஆனால் இடைவேளைக்கு முன்னால் ஒரு இடம்.
பையன் தன் முகமூடியைத் தானே தைக்கிறான்.
இசை இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.
கண்ணுக்கான ஓட்டை கோணலாகிவிடுகிறது,
பிரிக்கிறான், நூலை எச்சில் தொட்டுக் கோர்க்கிறான்,
ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொள்கிறான்.
பழைய இரண்டு பேருக்கும்
உடை எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்டது.

பிறகு மொட்டைமாடி விளிம்பு.
அவனுக்கு உயரம் பயம். முழங்கால் ஆடுகிறது.
குதிக்காமல் ஒருமுறை இறங்கிப் போய்விடுகிறான்,
படியில் உட்கார்ந்து வாந்தி எடுக்கிறான்,
மறுபடி ஏறுகிறான்.
அப்போது என் மணிக்கட்டில் ஒரு பிடி.
ஞானசௌந்தரி.
நான்கு வருடமாகத் தினம் நாற்பத்திரண்டு படி ஏறி
தொட்டி வாயில் சாம்பிள் எடுக்கிறவள்,
பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
பிடித்த நகம் மறுநாளும் தெரிந்தது.

கெடிலம் பாலத்தில் ஆட்டோ ஏறும்போது
மணி ஒன்றேகால்.
"நாலாவது தடவ எடுத்தா
தொட்டிக்கு மூடி போட்டுருவாங்க" நஸீமா சொன்னாள்.
"அப்புறம் படம் ஏது?" என்றேன்.
ஞானசௌந்தரி வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்,
ஆற்றில் பார்க்க ஒன்றும் இல்லை, இருட்டு.

மறுநாள் மதியம்
அவளோடு நானும் மேடைக்கு ஏறினேன்.
இருபத்தெட்டாம் படிக்கு மேல்
கம்பி ஒரு விரல்கடை ஆடுகிறது.
போன வருட நோட்டில் எழுதியிருக்கிறோம்,
அதற்கு முந்தைய நோட்டிலும்.
புது நோட்டு, முதல் பக்கம்,
அதே வரி, அதே படி எண்,
தேதி மட்டும் வேறு.

கேட்டில் பழனியாண்டி அண்ணன் கேட்டார்,
"படம் எப்படிம்மா?"
"தைக்கிற இடம் நல்லாருக்குண்ணே."
"விழுற இடம்?"
"அது பழசுதான்."
தலையாட்டிவிட்டு
என் பெயரை எழுத ஆரம்பித்தார்,
மெதுவாக, சுழி சுழியாக.